ரோலர் எவ்வளவு உயரத்தில் பறந்தது?

பொண்டாட்டி: சார்னு சொல்லு.

புருஷன்: யாரைச் சொல்ல? இங்க நீ ஒருத்திதானே இருக்க.

பொண்டாட்டி: இப்ப நான்தான் சார். விமான ஆபீஸ்லேருந்து வந்திருக்கற சாரு. இந்தத் தார் டிரம்முதான் என் நாற்காலி. ம்… கேள்வி கேக்கறேன், பதில் சொல்லு.

புருஷன்: சாரு தலையில சும்மாடு கட்டிக்கிட்டா வருவாரு?

பொண்டாட்டி: இந்தா, அவுத்தாச்சு. போதுமா? என்ன வேலை பாக்கற நீ?

புருஷன்: ஏன், உனக்குத் தெரியாதா?

பொண்டாட்டி: யோவ்… நெசமான ஆளு வந்து நிக்கும்போதும் இப்படித்தான் பல்லைக் காட்டுவியா? முந்தாநாளு ராத்திரி ஒரு ஏரோப்பிளேன் நாம போட்ட ரோட்டுல வந்து எறங்கி, நீ நிறுத்தி வச்ச ரோலர்ல போய் முட்டி, ஒரு உசுரு போயிருக்கு. இன்னிக்கு உன்னை விசாரிக்க ஆளு வருது. வெளையாட்டா இருக்கா உனக்கு?

புருஷன்: வெளையாடலடி. பயத்துல வாய் எதையாவது பேசுது.

பொண்டாட்டி: உள்ள தூக்கி வச்சுட்டா, அப்புறம் எவன் ரோலருக்கு முன்னால நான் தார் ஊத்தறது?

புருஷன்: மேஸ்திரி வேற ஆளைப் போடுவாரு.

பொண்டாட்டி: போடுவாரு. அவன் என் காலை நசுக்கிட்டுப் போவான். நீன்னா என் காலு எங்க இருக்குன்னு பாக்காமலே தெரிஞ்சு ஓட்டுவ… சரி, சரி, மூஞ்சியைத் தொங்கப் போடாத. என்ன வேலை?

புருஷன்: ரோலர் ஓட்டறேன்.

பொண்டாட்டி: சார்.

புருஷன்: ரோலர் ஓட்டறேன் சார்.

பொண்டாட்டி: ஆங்… தாலி கட்டின நாள்லேருந்து இன்னிக்குத்தான் காது குளுந்துச்சு. அடுத்தது. ஏரோப்பிளேன் வந்தப்ப நீ என்ன பண்ணிக்கிட்டிருந்த?

புருஷன்: அது வந்து… மேல பாத்தா…

பொண்டாட்டி: போச்சு! யாரு உன்னை மேல பாக்கச் சொன்னா? தூங்கிக்கிட்டு இருந்த!

புருஷன்: தூங்கிக்கிட்டு இருந்தேன் சார்.

பொண்டாட்டி: உன் சம்சாரம்?

புருஷன்: அவளும் தூங்கிக்கிட்டுதான் இருந்தா. குறட்டை விட்டுக்கிட்டு.

பொண்டாட்டி: குறட்டை எதுக்குய்யா?

புருஷன்: கொஞ்சமாவது நெசம் கலந்தாத்தானே நம்புவாங்க.

பொண்டாட்டி: கலக்கறதுக்கு உனக்கு வேற நெசமே கிடைக்கலயா? சரி, விட்டுத் தொலை. எப்ப முழிச்ச?

புருஷன்: சத்தம் கேட்டு.

பொண்டாட்டி: என்ன சத்தம்?

புருஷன்: மொதல்ல விக்கல் எடுக்கற மாதிரி… இஞ்சின் நின்னு நின்னு…

பொண்டாட்டி: ஏய்!

புருஷன்: …டமார்னு ஒரு சத்தம் சார்.

பொண்டாட்டி: அந்த ஒரு சத்தம்தான். அதுக்கு முன்னால ஒண்ணும் கேக்கல. காதுல பஞ்சு வச்சுக்கிட்டுத் தூங்கற ஆளு நீ.

புருஷன்: நான் எங்க பஞ்சு வச்சேன்?

பொண்டாட்டி: அட, ரோலர் ஓட்டி ஓட்டிக் காது மந்தம்னு சொல்லு. கூலிக்காரனுக்குக் காது மந்தம்னா யாரும் திருப்பிக் கேக்க மாட்டாங்க. எழுந்து போய் என்ன பண்ண?

புருஷன்: மணலை வாரி நெருப்புல போட்டேன். கதவைக் கடப்பாரையால நெம்பி ஆளை வெளிய இழுத்தேன். நீ காலைப் பிடிச்ச. உசுரு இல்ல. காலுல… செருப்பு போட்டிருந்தாரு இல்ல? வீட்டுக்குள்ள போட்டுக்கற ரப்பர் செருப்பு. ஆகாசத்துல போற மனுசன் பக்கத்துக் கடைக்குப் போற மாதிரி கிளம்பி வந்திருக்காரு.

பொண்டாட்டி: …அதை அப்படியே சொல்லு. அது நெசம்.

புருஷன்: ம்.

பொண்டாட்டி: இன்னிக்கும் நீ ஒண்ணும் தின்னல.

புருஷன்: இறங்கல.

பொண்டாட்டி: எனக்கு மட்டும் இறங்குதா? எப்படியோ உள்ள தள்ளறேன். ஒரு வேளை தின்னலன்னா வாளி தூக்க முடியாது. கேள்விக்கு வா. ரோலரை எதுக்கு நடு ரோட்டுல நிறுத்தின?

புருஷன்: ஓரத்துல கொட்டின மண்ணு எளகிக் கிடந்துச்சு சார். அதுல நிறுத்தினா விடியறதுக்குள்ள வண்டி பாதி புதைஞ்சிடும். புதுத் தாருல நிறுத்தினா பள்ளம் விழும். அதனால, தார் ஆறி இறுகின பக்கமா, நடுவுல நிறுத்தினேன். ரோடு இன்னும் தொறக்கல. லாரி வராது, பஸ் வராது. ஏரோப்பிளேன் வரும்னு எவன் கண்டான்?

பொண்டாட்டி: நல்லா இருக்கே! இது மட்டும் எப்படிக் கடகடன்னு வருது?

புருஷன்: இதுல பொய் இல்லையே.

பொண்டாட்டி: ம்… ரோட்டுல எதுக்கு விளக்கு?

புருஷன்: புதுத் தாரு மேல வண்டி ஏறினா தடம் விழுந்துடும் சார். அதனால ரெண்டு பக்கமும் வரிசையா டின்னு வச்சு, டீசலும் திரியும் போட்டு எரிய விடுவோம். ரெண்டு வரிசை நெருப்பைப் பாத்தா எந்த லாரிக்காரனும் வரமாட்டான். ‘இந்தப் பக்கம் வராதே’ன்னு அர்த்தம்.

பொண்டாட்டி: சரி.

புருஷன்: ஆனா மேலேருந்து வர்றவனுக்கு அதே ரெண்டு வரிசைக்கு ‘இங்க வந்து எறங்கு’ன்னு அர்த்தமாம். மேஸ்திரி சொன்னாரு.

பொண்டாட்டி: மேஸ்திரி சொன்னதை மேஸ்திரியே சொல்லிக்கட்டும். நீ வாயை நீட்டாத. விளக்கு எப்ப ஏத்தினது?

புருஷன்: எந்த விளக்கு?

பொண்டாட்டி: எப்ப?

புருஷன்: சாயங்காலம்.

பொண்டாட்டி: எல்லா டின்னுமா?

புருஷன்: எல்லா…

பொண்டாட்டி: என்னைப் பாக்காத. அவரு கேக்கும்போது என்னைப் பாத்தா ரெண்டு பேரும் மாட்டுவோம். எல்லா டின்னும்.

புருஷன்: எல்லா டின்னும் சாயங்காலமே ஏத்தினது சார்.

பொண்டாட்டி: இன்னொரு தடவை.

புருஷன்: எல்லா டின்னும் சாயங்காலமே… ஏய், அந்தக் கூடை கத்துது பாரு.

பொண்டாட்டி: சனியன். சாக்கை எடுத்து மேல போடு.

புருஷன்: மூச்சு முட்டும்டி. குஞ்சு.

பொண்டாட்டி: குஞ்சு மேல இருக்கற அக்கறைய வாய் மேல வை. ஏரோப்பிளேன் நிறைய கோழிக்குஞ்சை ஏத்திக்கிட்டு ராத்திரியில எதுக்குப் பறக்கணும்?

புருஷன்: பகல் வெயிலு தாங்காதாம். குஞ்சு செத்துடக் கூடாதுன்னுதான் ராத்திரியில கொண்டுபோறதாம்.

பொண்டாட்டி: குஞ்சு ஒண்ணும் சாகல. நம்ம கூட்டம் பூரா அதுலேருந்து ஆளுக்கொரு கூடை எடுத்து வச்சிருக்கு. மேஸ்திரி கட்டிலுக்கு அடியில கேட்டியா, சந்தை மாதிரி சத்தம். செத்தது அவரு ஒருத்தருதான்.

புருஷன்: ரோலருக்குக்கூட ஒண்ணும் ஆகல. பெயிண்ட் போயிருக்கு. அதுவும் பழைய பெயிண்டு.

பொண்டாட்டி: அந்த ரோலரைச் சுத்தி போலீஸ்காரன் கயிறு கட்டிட்டுப் போயிருக்கான், யாரும் எடுத்துட்டுப் போகக் கூடாதுன்னு. எட்டு டன்னு. எவன் இடுப்புல சொருகிக்கிட்டுப் போவான்?

புருஷன்: காண்ட்ராக்டரு காலையில வந்து ஏரோப்பிளேன் சக்கரத் தடத்தைக் குனிஞ்சு பாத்தாரு. ‘நேரா ஒரே கோடு… கெடுத்துட்டானே, கெடுத்துட்டானே’ன்னு தலையில அடிச்சுக்கிட்டாரு. செத்தவருக்காகத்தான் அழறாருன்னு நினைச்சு நானும் அழுதேன்.

பொண்டாட்டி: ரோட்டுக்கு அழுதாரா அந்தாளு!

புருஷன்: ஆமா. அப்புறம், ‘நீ ஏன்யா அழற’ன்னு கேட்டாரு.

பொண்டாட்டி: என்ன சொன்ன? …யோவ், என்ன சொன்ன?

புருஷன்: தார்ப்புகைன்னு சொன்னேன்.

பொண்டாட்டி: அட, பரவாயில்லையே… ஐயோ, ஜீப்பு. ஜீப்பு வருது. எழுந்திரு. சட்டைப் பித்தானைப் போடு. என்னைப் பாக்காத. காது மந்தம். தூக்கம். சாயங்காலம். இந்த மூணுதான். …வாங்க சார், வணக்கம். பாத்து சார், அங்க தார் சிந்தி… ஐயையோ!

அதிகாரி: காலை வச்சுட்டேன்.

பொண்டாட்டி: இழுக்காதீங்க சார், அடி பிஞ்சிடும். காலை மட்டும் உருவிடுங்க. ஷூவை நான் எடுக்கறேன். மண்ணெண்ணெய் போட்டுத் துடைச்சா போயிடும். இப்படி டிரம்முல உக்காருங்க.

அதிகாரி: புது ஷூம்மா. இந்த விசாரணைக்குன்னே வாங்கினது.

பொண்டாட்டி: புதுசு மாதிரியே தர்றேன் சார். நீங்க அவரைக் கேளுங்க.

அதிகாரி: இவருதான் ரோலர் டிரைவரா?

புருஷன்: ரோலர் ஓட்டறேன் சார்.

அதிகாரி: உக்காருங்க, பயப்படாதீங்க. எங்களுக்கே இது புதுசு. விமானத்துல பறவை மோதினா எங்களுக்குத் தெரியும். மரம், மலை, கரண்டு கம்பி எல்லாம் பாத்திருக்கோம். ரோலர்ல மோதினதா எங்க ஆபீஸ்ல யாருமே கேள்விப்பட்டதில்ல. எங்க மேலதிகாரி போன்ல என்ன கேட்டாரு தெரியுமா? ‘சம்பவத்தப்ப அந்த ரோலர் எவ்வளவு உயரத்துல பறந்துது’ன்னு.

புருஷன்: பறக்காது சார்.

அதிகாரி: சொன்னேன். ‘அப்ப எதிர்ல எவ்வளவு வேகத்துல வந்துது’ன்னாரு.

புருஷன்: நின்னுக்கிட்டு இருந்துச்சு சார். ஓட்டினாலும் வாளியோட நடந்து வர்ற இவ என்னை முந்திடுவா.

அதிகாரி: அதையும் சொன்னேன். ‘அப்புறம் எப்படிய்யா மோதிச்சு’ன்னு என் மேலயே எரிஞ்சு விழுந்தாரு. சரி, அதை விடுங்க. அன்னைக்கு ராத்திரி இங்க யார் யாரு இருந்தீங்க?

புருஷன்: நாங்க ரெண்டு பேருதான் சார், காவலுக்கு. மத்தவங்க எல்லாம் தார் காய்ச்சற இடத்துல, அந்தத் திருப்பத்துக்கு அந்தாண்ட படுத்திருந்தாங்க.

அதிகாரி: விமானம் வர்றதைப் பாத்தீங்களா?

புருஷன்: தூங்கிக்கிட்டு இருந்தேன் சார்.

அதிகாரி: நீங்கம்மா?

புருஷன்: அவளும்தான் சார். அவ குறட்டையில எனக்கு வேற சத்தமே கேக்காது. அதோட காது வேற மந்தம்.

அதிகாரி: ஹா… ஹா. என் வீட்டுலயும் அதே கதைதான். …என்னங்க அது சத்தம்? கீச்சு கீச்சுன்னு.

புருஷன்: வயிறு சார். காலையிலேருந்து சாப்பிடல.

அதிகாரி: கூடையில உக்காந்துகிட்டு வயிறு கத்துதா?

பொண்டாட்டி: சார்… செத்துடுமேன்னு எடுத்து வச்சோம் சார். குடுத்துடறோம்.

அதிகாரி: எனக்கு எதுக்கும்மா? நான் விமானத்துக்குத்தான் வந்திருக்கேன். கோழிக்கு வேற ஆபீஸ். அவங்க வரும்போது வேற பதில் யோசிச்சு வைங்க, வயிறுன்னு சொல்லாதீங்க. விளக்கு எப்ப ஏத்துவீங்க?

புருஷன்: சாயங்காலம் சார்.

அதிகாரி: அன்னைக்கும்?

புருஷன்: அன்னைக்கும் எல்லா டின்னும் சாயங்காலமே ஏத்தினது சார். எந்த ரோட்டு வேலையிலயும் கேட்டுப் பாருங்க, அதுதான் வழக்கம்.

அதிகாரி: மேஸ்திரியும் அதையேதான் சொன்னாரு. அப்ப முடிஞ்சுது. உங்க ரோடு, உங்க ரோலர், உங்க விளக்கு. உங்க மேல ஒரு தப்பும் இல்ல. நிம்மதியா இருங்க. ரோலரையும் நாளைக்கு விட்டுடச் சொல்றேன்.

புருஷன்: அவ்வளவுதானா சார்?

அதிகாரி: அவ்வளவுதான். ஏன், குறையா இருக்கா? …அம்மா, ஷூ?

பொண்டாட்டி: இதோ சார். அடியில கொஞ்சம் இருக்கு.

புருஷன்: சார்… அப்ப யாரு மேல தப்பு?

பொண்டாட்டி: உனக்கு எதுக்குய்யா அது? சார் முடிஞ்சுதுன்னு சொல்றாரு இல்ல?

அதிகாரி: கேக்கட்டும்மா. தப்பு ஓட்டினவன் மேலதான். இஞ்சின் கெட்டதுக்கு அவன் பொறுப்பில்ல. ஆனா கடைசியில அவனுக்கு மூளை பேதலிச்சுப் போச்சு. அப்படித்தான் எழுதப்போறேன்.

புருஷன்: பேதலிச்சா… எப்படி சார் தெரியும்?

அதிகாரி: அவன் ரேடியோவுல பேசினது எங்ககிட்ட பதிவாகியிருக்கு. மொதல்ல ஒழுங்காத்தான் பேசறான். இஞ்சின் நிக்குது, கீழ ஒரே இருட்டு, இடம் தெரியலங்கறான். அப்புறம் திடீர்னு சிரிக்கறான். ‘கீழ விளக்கு வருது, ஒண்ணொண்ணா வருது, யாரோ கையில நெருப்போட எனக்காக ஓடிக்கிட்டே ஏத்தறாங்க’ன்னு சொல்றான். ‘எந்த மகராசனோ, எறங்கினதும் அவனைக் கட்டிப் பிடிக்கணும்’னு சொல்றான்.

புருஷன்: கட்டிப் பிடிக்கணும்னா சொன்னாரு?

அதிகாரி: ஆமா. ஆனா விளக்கு சாயங்காலத்துலேருந்து எரியுது. நீங்க ரெண்டு பேரும் தூங்கிக்கிட்டிருக்கீங்க. அப்ப ஓடினது யாரு? யாருமில்ல. இல்லாததைப் பாத்திருக்கான். ஆகாசத்துல தனியா இருந்தா சில பேருக்கு அப்படி ஆகும்னு டாக்டரே சொல்றாரு. பயம் மூளைய அப்படிப் பண்ணிடும்.

புருஷன்: ஆமா சார்… இருக்கும். எனக்கு அதெல்லாம் தெரியாது.

அதிகாரி: அவனை வளத்தது அக்காதான். காலையிலேருந்து எங்க ஆபீஸ் வாசல்ல நிக்கறாங்க. ‘செத்தவனைத் திருப்பிக் கேக்கல. என் தம்பியைப் பைத்தியம்னு மட்டும் எழுதாதீங்க, அவன் கண்டதைத்தான் சொல்வான்’னு அழறாங்க. நான் என்ன பண்ணட்டும்? பாத்த ஆளு ஒருத்தர் இருந்தாலும் மாத்தி எழுதலாம். நீங்க யாரும் பாக்கல.

புருஷன்: தூங்கிக்கிட்டு இருந்தோம் சார்.

அதிகாரி: தெரியும், தெரியும். உங்களை ஒண்ணும் சொல்லல. …குடுங்கம்மா ஷூவை. என்னம்மா, இறுக்கிப் பிடிச்சுக்கிட்டிருக்கீங்க? விடுங்க.

புருஷன்: ஏய். சாரு கேக்கறாரு இல்ல? குடு.

பொண்டாட்டி: அவரு பைத்தியம் இல்ல சார்.

புருஷன்: ஏய்… சாயங்காலம். சாயங்காலம்டி…

பொண்டாட்டி: நீ வாய மூடுய்யா. சார், அவரு கண்டது அத்தனையும் நெசம். டீசலை மிச்சம் பிடிக்கணும்னு மேஸ்திரி சொல்வாரு, அதனால ரெண்டு முனையில மட்டும்தான் ஏத்துவோம். நடுவுல இருந்ததெல்லாம் வெறும் டின்னு. தலைக்கு மேல விக்கி விக்கிச் சுத்திச் சுத்தி வந்துச்சு. பாவம், எறங்க இடம் தேடுதுன்னு எனக்குத்தான் தோணுச்சு. சாக்கைக் கிழிச்சுக் கம்புல சுத்தி, இந்த வரிசையில நான் ஓடினேன், அந்த வரிசையில இவரு ஓடினாரு. கடைசி டின்னு பத்திக்கிட்டதும் நேரா எங்களைப் பாத்துத் தாழ வந்துச்சு. வா ராசா, வா வான்னு கையைத் தட்டிச் சிரிச்சோம் சார், நாங்க ரெண்டு பேரும். சக்கரம் தாருல பட்டு ஓடி வருது… அப்பதான் இவரு கை தட்டறதை நிறுத்திட்டு என்னைப் பாத்து, ‘ஏய்… ரோலரு’ன்னாரு.